குடைக்கம்பி இறக்கைகள்

மே மாதம் பிறந்த பிள்ளைக்கு மதுரையில் பிறந்தநாள் கொண்டாடுவது லேசான காரியமில்லை. பள்ளிக்கூடம் லீவு, வகுப்புத் தோழிகளில் பாதிப் பேர் அம்மாச்சி வீட்டுக்குப் போயிருப்பார்கள். காலையில் கட்டிய பலூன்கள் கத்திரி வெயிலில் மத்தியானத்துக்குள் ஒவ்வொன்றாக வெடித்துத் தீரும். கேக்கின் மேலிருக்கும் கிரீம் கடையிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். அதனால் கோயிலில் ஓர் அர்ச்சனை, வீட்டில் பாயசம், சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு மிட்டாய் என்றே மகளின் பிறந்தநாட்களை ஓட்டிக்கொண்டிருந்தோம். 2017-இல் அவளுக்கு ஐந்து வயது ஆனது. அந்த வருஷம் அவளுக்கே ஓர் அபிப்பிராயம் வந்துவிட்டது.

"எனக்குத் தேவதை பர்த்டே வேணும்."

பள்ளிக்கூட நூலகத்துப் படப் புத்தகம் பாதி, பக்கத்து அபார்ட்மெண்டில் பார்த்துவிட்டு வந்த பார்ட்டி பாதி என்று அந்த ஆசை உருவாகியிருந்தது. தீம் பார்ட்டி என்ற சொல் எங்கள் பக்கம் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. விசாரித்தபோது, அதை நடத்திக் கொடுக்கும் இளைஞர் ஒருவர் செல்போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார். பின்னால் ஒரு பெரிய திரை, நுழைவாயிலில் பலூன் வளைவு, ஆளுயரத்துக்கு ஒரு தேவதை கட்டவுட், மேஜைக்கு ஊதா ஃப்ரில். "இருபத்தஞ்சுல ஆரம்பம் மேடம்" என்றார். இருபத்தைந்து என்பது ஆயிரத்தில். வீட்டுக்காரர் எதுவும் பேசவில்லை. ஃபேனை ஒரு பாயிண்ட் கூட்டி வைத்தார். நாமே செய்துகொள்ளலாம் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் போட்டேன். இறக்கை, கிரீடம், மந்திரக்கோல், நெட் பாவாடை, சீரியல் பல்ப், கேக், ரிட்டர்ன் கிஃப்ட். எழுதி முடித்ததும் அவளுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, இதெல்லாம் போட்டுக்கிட்டு தேவதை என்ன செய்யும்?" என்றாள்.

"கேக் வெட்டும்."

இதற்கா இவ்வளவு என்கிற முகத்தோடு எழுந்து போய்விட்டாள். பட்டியலில் இருந்தவை எல்லாம் கடையில் கிடைக்கும். அவள் கேட்டதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

பதில் மேலூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்தது. என் மாமியார், பிள்ளைகளுக்கு அப்பத்தா, திருவிழா பார்க்க வந்து ஒரு மாதம் தங்கினார். தேவதை வேஷம் போட்டு விளையாடப்போகிறோம் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது.

"தேவதைன்னா கூப்பிட்டு வச்சு விளையாடுற சாமானா? எங்கூருக் கண்மாய்க் கரையில கன்னிமாரு ஏழு பேரு இருக்காக. உச்சிப் பொழுதுல அந்தப் பக்கம் ஆம்பளைக தலை வச்சுப் படுக்க மாட்டாக."

ஊரில் நானும் பார்த்திருக்கிறேன். ஆலமரத்தடியில் வரிசையாக ஏழு கல், அவற்றுக்கு மஞ்சள் பூச்சு, பக்கத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன கண்ணாடி வளையல்கள். சிவன் கோயில் பிராகாரங்களில் தெற்குப் பக்கம் பிராமி, மகேசுவரி, கௌமாரி, வைஷ்ணவி, வாராகி, இந்திராணி, சாமுண்டி என்று வரிசையாக உட்கார்ந்திருக்கும் அதே எழுவர்தான். ஆனால் அத்தைக்கு அந்தப் பெயர்கள் தேவைப்பட்டதில்லை. அவருக்கு அவர்கள் அக்கா தங்கச்சிகள். மத்தியானம் கண்மாயில் இறங்கிக் குளிப்பார்கள், சேர்ந்தே வருவார்கள், சேர்ந்தே போவார்கள். அந்த வேளையில் அங்கே யாரும் போகக் கூடாது. ஆடு மேய்த்த ஒருவன் மரத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். நின்ற இடத்திலேயே கல்லாகிப் போனான். ஏழு கல்லுக்குச் சற்றுத் தள்ளி எட்டாவதாக ஒரு கல் கிடக்கிறதே, அது அவன்தான்.

மகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "யாரும் பாக்காதப்ப அவன் கை கால ஆட்டுவானா அப்பத்தா?" என்றாள். அத்தை யோசித்துவிட்டு, "ஆட்டலாம். நமக்கு எப்படித் தெரியும்?" என்றார். படப் புத்தகத்துத் தேவதை மீது இல்லாத ஒரு மரியாதை கண்மாய்க் கரைக் கன்னிமார் மீது அவளுக்கு அன்றைக்கு வந்தது. இவர்களுக்கு ஆகாதது என்று ஒன்று இருந்தது. மீறினால் தண்டனையும் இருந்தது.

கன்னிமார் ஒரு பக்கம் இருக்கட்டும், இறக்கை வேண்டுமே. அன்றைய மதுரையில் எந்த வேஷத்துக்கும் துணி தைக்க ஓர் இடம் இருந்தது. மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய புதுமண்டபம். நாயக்க மன்னர்களின் சிலைகளுக்கும், கல் யானைக்குக் கரும்பு கொடுக்கும் சிவனுக்கும் நடுவில், தூணுக்குத் தூண் கடை. பாத்திரம், பஞ்சாங்கம், வளையல், குங்குமம், அவற்றினூடே தையல் மெஷின்களின் சத்தம். பள்ளி ஆண்டுவிழாவுக்குப் பாரதியார், கண்ணன், கட்டபொம்மன் என்று எது கேட்டாலும் அங்கே தைத்துத் தருவார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் அணியும் உருமாலும் சல்லடமும் தயாராவதும் அங்கேதான். அழகருக்கு வேஷம் கட்டுகிறவர்களின் உடுப்பைத் தைக்கும் தையல்காரர்களில் பலர் முஸ்லிம்கள். மதுரையில் இதை யாரும் ஆச்சரியமாகச் சொல்வதில்லை.

எங்களுக்கு வாய்த்த பாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். குழந்தைக்கு இறக்கை தைக்க வேண்டும் என்றதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"என்ன இறக்கைம்மா? அன்னப்பட்சி இறக்கையா, காமதேனு இறக்கையா?"

சித்திரைத் திருவிழாவின் இரண்டாம் நாள் அம்மன் அன்ன வாகனத்தில் வருவாள், மூன்றாம் நாள் காமதேனுவில். காமதேனுவுக்குப் பெண் முகம், பசு உடம்பு, விரிந்த இறக்கை. பிறந்ததிலிருந்து மாசி வீதிகளில் வாகனங்களைப் பார்த்து வளர்ந்த மனிதருக்கு இறக்கை என்றால் முதலில் அவைதான் நினைவுக்கு வரும். நான் செல்போனில் இருந்த படத்தைக் காட்டினேன்.

"இது பட்சி இறக்கை இல்லையேம்மா, பூச்சி இறக்கைல்ல" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "பாப்பா, உனக்குத் தட்டான் இறக்கை வேணுமா, பட்டாம்பூச்சி இறக்கை வேணுமா?" என்று கேட்டார். இதுவரை யாரும் அவளிடம் இவ்வளவு சரியான கேள்வியைக் கேட்டதில்லை. தட்டான் என்றாள்.

"நல்லது. தட்டானுக்கு நாலு இறக்கை. பத்தாம் தேதி அழகர் ஆத்துல இறங்கட்டும். அதுவரைக்கும் மெஷினுக்கு மூச்சுவிட நேரமில்ல. அதுக்கப்புறம் வாங்க, தச்சுத் தர்றேன்."

அழகர் வைகையில் இறங்கி, ஊரெல்லாம் சுற்றி மலைக்குத் திரும்பிய பிறகு போனோம். பாய் பழைய குடைகளைப் பிரித்து வைத்திருந்தார். குடைக்கம்பி வளையும், ஆனால் தொங்காது. கட்டுக்கம்பியில் செய்தால் பிள்ளை இரண்டு முறை குனிந்து நிமிர்ந்ததும் இறக்கை தரையைக் கூட்டும் என்றார். கம்பியின் நுனிகளை மடக்கித் துணி சுற்றி, மேலே நெட் இழுத்துக் கட்டி, ஓரத்தில் ஜிகினா லேஸ், நடுவில் நரம்புக்குச் சம்கி. முதுகில் படும் இடத்துக்கு மட்டும் மல் துணியில் ஒரு திண்டு. "வேர்வையில நெட்டு உரசுனா பிள்ளை அஞ்சு நிமிஷத்துல கழட்டிப் போட்டுரும். வேஷம்னா அது மறந்து போகணும்மா, அப்பத்தான் ஆடும்" என்றார். வேஷத்தைப் பற்றி நான் கேட்ட பேச்சுகளில் இதைவிட நல்லது இல்லை.

பாய் சொன்ன பூச்சி இறக்கை என்ற வார்த்தையோடு மகளின் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: "கன்னிமாருக்கு ஏன் இறக்கை இல்ல?" நான் சின்ன வயதில் படித்த பழைய அம்புலிமாமா பைண்டுகளில் கந்தர்வப் பெண்களுக்கும் இறக்கை பார்த்ததாக நினைவில்லை. மேகத்தின் மேல் நின்றபடி வருவார்கள். சேலைத் தலைப்பு பறக்கும், அவ்வளவுதான். தேடிப் படித்தபோது தெரிந்தது, ஐரோப்பியக் கிராமத்துப் பழங்கதைகளின் தேவதைகளுக்கும் இறக்கை கட்டாயமில்லை. ஓவியர்கள்தான் பின்னாளில் ஒட்டினார்கள். அலெக்சாண்டர் போப்பின் நெடுங்கவிதை ஒன்றின் 1798-ஆம் வருஷப் பதிப்புக்குத் தாமஸ் ஸ்டாதர்ட் வரைந்த படங்களில் பட்டாம்பூச்சி இறக்கைகள் வந்துவிட்டன. 1832-இல் பாரிஸில் 'லா சில்ஃபீட்' என்ற பாலே நாடகத்தில் மாரி தாலியோனி மெல்லிய வெள்ளைப் பாவாடையும் முதுகில் குட்டி இறக்கையுமாக ஆடினார். இன்றைக்குக் கடைகளில் தொங்கும் நெட் பாவாடைகளின் வம்சம் அங்கே தொடங்குகிறது. ஆக, தேவதையின் உடுப்பு மேடையில் பிறந்தது. பாரிஸிலும் அதை ஒரு தையல்காரர்தான் தைத்திருப்பார்.

அந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த லாபம் வேறு. ஜே. எம். பேரியின் 'பீட்டர் பேன்' நாடகம் 1904-இல் லண்டனில் அரங்கேறியபோது, அதில் வரும் டிங்கர் பெல் என்ற குட்டித் தேவதையாக எந்த நடிகையும் மேடை ஏறவில்லை. மறைவிலிருந்து சின்னக் கண்ணாடியால் திருப்பி அடித்த வெளிச்சப் பொட்டுதான் சுவரெல்லாம் ஓடித் திரிந்தது. திரையும் கட்டவுட்டுமாக இருபத்தைந்தாயிரம் கேட்ட ஊரில், கண்ணாடித் துண்டுக்கு என்ன செலவு? எங்கள் மொட்டை மாடியில் மேற்கு வெயில் ஆறு மணி வரை விழும். மாடிப்படி அறையின் நிழலில் நின்று கண்ணாடி காட்டக் கொழுந்தனார் ஒப்புக்கொண்டார்.

பலூனுக்குப் பதில் என்ன என்பதற்கு அத்தைதான் வழி சொன்னார். மே மாதம் மல்லிகைக்கு நல்ல வரத்து. தை மாதக் கல்யாண சீசனில் கிலோ ஆயிரம், இரண்டாயிரம் என்று ஏறும் பூ, கோடையில் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் நம் கைக்கு எட்டும் விலைக்கு இறங்கிவிடும். காலையில் போய் மூட்டையாக வாங்கி வந்தோம். "விரிஞ்ச பூ ஒண்ணுகூட வேணாம், அரும்பாப் போடு" என்று அத்தை வியாபாரியிடம் கறாராக நின்றார். தெருப் பெண்கள் கூடி உட்கார்ந்து மத்தியானம் முழுக்கத் தொடுத்தார்கள். ஈரத் துணி போட்டு மூடி வைத்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் மாடியில் கொடிக்கயிறு கட்டிச் சரஞ்சரமாகத் தொங்கவிட்டோம். அப்போது பார்க்க எல்லாம் பச்சை கலந்த மொட்டுதான்; வந்தவர்களில் ஒருவர் "இவ்வளவு பூவிலும் வாசனையே இல்லையே" என்றுகூடச் சொன்னார். அத்தை சிரித்துக்கொண்டார்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேக் சின்னதாக ஒன்று. ஆஸ்திரேலியாவில் பிறந்தநாள் வீடுகளில் பிரெட்டில் வெண்ணெய் தடவிக் குட்டிக் குட்டிக் கலர் மிட்டாய் தூவித் தருவார்கள், அதற்குத் தேவதை பிரெட் என்றே பெயர் என்று படித்திருந்தேன். சீரக மிட்டாயை வைத்துச் செய்தேன். பிள்ளைகள் மிட்டாயை நக்கிவிட்டுப் பிரெட்டை வைத்துவிட்டார்கள். உளுந்த வடைதான் தீர்ந்தது. ஆனால் மந்திரக்கோல் விஷயத்தில் ஓர் அதிர்ஷ்டம் அடித்தது. தெருவில் எப்போதாவது ஜவ்வு மிட்டாய்க்காரர் ஒருவர் வருவார். மூங்கில் கழியின் உச்சியில் கைதட்டும் பொம்மை, அதற்குக் கீழே ரோஸும் வெள்ளையுமாகச் சுற்றிய மிட்டாய். வாட்ச், தேள், நெக்லஸ் என்று கேட்டதை இழுத்து இழுத்துச் செய்து தருவார். அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தோம். மாடிக்கே வந்து, ஈர்க்குச்சி நுனியில் நட்சத்திரம் நட்சத்திரமாகச் செய்து கொடுத்தார். தின்று தீர்க்கக்கூடிய மந்திரக்கோல். பொம்மையின் கைதட்டலுக்கு ஒரு வயதுக் குழந்தைகூட அழுகையை நிறுத்தியது.

ரிட்டர்ன் கிஃப்ட்டை முடிவு செய்தவரும் அத்தையே. கன்னிமாருக்குக் கரையில் என்ன வைப்போமோ அதையே கொடுப்போம் என்றார். புதுமண்டபத்திலேயே வாங்கினோம்: கண்ணாடி வளையல், ரிப்பன், குட்டிச் சீப்பு, கைக்குள் அடங்கும் கண்ணாடி. பையன்கள் விஷயத்தில்தான் சிக்கல். நாத்தனார் மகன், ஏழு வயது, இறக்கை கட்ட மாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அவனுக்கு எதுக்குடி இறக்கை? கன்னிமாருக்குக் காவலுக்குக் கருப்பன் வேண்டாமா?" என்றார் அத்தை. பாயிடம் திருவிழாவில் மீந்த சல்லடம் ஒன்று இருந்தது. அட்டையில் அரிவாள் வெட்டிக் கொடுத்தோம். மாடிப்படி வாசலில் நெஞ்சை நிமிர்த்தி நின்றவன், செருப்போடு வந்த பெரியவர்கள் யாரையும் உள்ளே விடவில்லை. அரை மணி நேரத்தில் வந்த பையன்கள் அத்தனை பேரும் கருப்பசாமி ஆகிவிட்டார்கள். இறக்கை வைத்திருந்த பிள்ளைகளுக்கே அதைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமை.

நானும் விளையாட்டுகள் யோசித்து வைத்திருந்தேன். மியூசிக்கல் சேர், பொட்டு வைத்தல். ஒன்றுக்கும் வேலையில்லாமல் போயிற்று. எல்லாரும் மாடிக்கு வந்ததும் மகள் ஒரு ஸ்டூலில் ஏறி நின்று விதிகளை அறிவித்தாள். என்னிடமோ அவள் அப்பாவிடமோ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தேவதைகளைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. ஆளுக்கு ஒரு பூவின் பெயர். தேவதை ஓடலாம், நடக்கக் கூடாது. அனுமதி இல்லாமல் தேவதையைத் தொட்டால் தொட்டவர் கல். மல்லி வந்து விடுவித்தால் தவிரக் கல் அசையக் கூடாது. மல்லி யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

பிச்சி, கனகாம்பரம், செவ்வந்தி, ஆவாரம் எல்லாம் சண்டையோடு பங்கிடப்பட்டன. கடைசியில் வந்த ஒரு குட்டிக்குத் தும்பைதான் மிச்சம். அது என்ன பூ என்று அவளுக்குத் தெரியவில்லை, அத்தை மடியில் உட்கார வைத்து விளக்கினார். வெளிச்சப் பொட்டு சுவரில் தோன்றியபோது மாடி முழுவதும் கூச்சல். அதைப் பிடிக்கத் தாவியவர்கள் ஒருவரையொருவர் தொட்டுக் கல்லானார்கள். வீட்டுக்காரர் வடைத் தட்டோடு குறுக்கே போய் ஒரு செவ்வந்தியின் இறக்கையை இடித்துவிட்டார். தண்டனை உடனே நிறைவேறியது. வடைத் தட்டை ஏந்தியபடி அவர் கல்லாக நிற்க, விருந்தாளிகள் தட்டிலிருந்து எடுத்துத் தின்றுகொண்டே இருந்தார்கள். மல்லிக்கு மனம் இளகியபோது தட்டு காலி.

கேக் வெட்டுவதற்கு முன் மாடி மூலையில் அத்தை ஓர் இலை போட்டு, மாவிளக்கும் காதோலை கருகமணியும் வைத்துக் கும்பிட்டார். அதை விளையாட்டின் பகுதியாகவே பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். கருப்பசாமிகள் அரிவாளைத் தாழ்த்தி மரியாதை செய்தார்கள். ஏழு மணியளவில் தலைக்கு மேலே மொட்டுகள் கட்டவிழத் தொடங்கின. வாசனையே இல்லை என்றவர்தான் முதலில் நிமிர்ந்து பார்த்தார். "யார் வந்தாங்க?" என்று தும்பை கேட்டாள். பதில் சொல்லும் துணிச்சல் எங்களில் யாருக்கும் இல்லை.

நாங்கள் பெரியவர்கள் தேவதையை அலங்காரமாக நினைத்துத்தான் நோட்டில் பட்டியல் போட்டோம். பிள்ளைக்கு அது ஓர் ஆள். அந்த ஆளுக்கு வேலை வேண்டும், பெயர் வேண்டும், கூடாத காரியங்கள் வேண்டும், மீறினால் ஏதாவது நடக்கவும் வேண்டும். கதை கேட்டு வளர்ந்த அத்தைக்கு அது தெரிந்திருந்தது, வேஷம் தைத்தே வாழ்ந்த பாய்க்கும் தெரிந்திருந்தது. பயம் துளியும் இல்லாத தேவதையோடு ஐந்து வயதுப் பிள்ளையால் கேக் வெட்டும் வரைதான் விளையாட முடியும்.

அந்த இறக்கை பிறகு உறவுக்காரப் பிள்ளைகள் பலர் முதுகில் ஏறிவிட்டது. கம்பி இன்னும் தொங்கவில்லை. தையல் கடை எங்கே என்று கேட்பவர்களிடம், புதுமண்டபத்துக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரம் வளாகத்துக்கு மாறிவிட்டன என்று வழி சொல்கிறேன். கூடவே, இறக்கையைக் கடைசியில் வாங்கிக்கொள்ளுங்கள், முதலில் உங்கள் வீட்டுத் தேவதைக்கு எதெல்லாம் ஆகாது என்று பிள்ளையிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்றும் சொல்வேன். போன வருஷம் ஒரு சிநேகிதி அப்படியே கேட்டுவிட்டு எனக்கு ஃபோன் செய்தாள். அவள் மகன் கேட்டது டைனோசர் பிறந்தநாள். அந்த டைனோசருக்குக் கேக் ஆகவே ஆகாதாம், பரோட்டாவும் சால்னாவும்தான் வேண்டுமாம். மதுரை டைனோசர், வேறு என்ன கேட்கும்?